தட்டிலிருந்து எடுத்ததை ஒவ்வொன்றாகத் திருப்பி வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. சிங்கப்பூரில் பொங்கோலில் வசிக்கிறேன், ராஃபிள்ஸ் பிளேசில் அலுவலக வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை அறுவைச் சிகிச்சை செய்து இடது சினைப்பையிலிருந்து 'சாக்லேட் கட்டி' என்கிற, பழைய இரத்தம் தேங்கிய கட்டியை எடுத்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது அதற்கு டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். வலி குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. மாலையானால் வயிறு பானைபோல் உப்புகிறது. இணையத்தில் படித்துப் படித்து கோதுமை, பால், தயிர், பருப்பு, இறைச்சி, கோப்பி எல்லாவற்றையும் விட்டேன், கடைசியில் சோற்றையும் விட்டேன். நாலு மாதத்தில் ஆறு கிலோ குறைந்துவிட்டது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. முன்பெல்லாம் ஓடுவேன், இப்போது பயமாக இருக்கிறது. அம்மா உளுந்தங்களி கிண்டித் தருகிறேன் என்கிறார். நான் என்ன சாப்பிடுவது, எப்படி உடற்பயிற்சி செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்பட வைத்தது வயிற்று உப்பசம் அல்ல, மூச்சு வாங்குவதுதான். நாலு மாதத்தில் ஆறு கிலோ இறங்கி, இறைச்சியும் பருப்பும் இல்லாமல், படியேற மூச்சு வாங்குகிறது என்றால் இரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போய் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலில் இரும்புச் சேமிப்பு காலியாகி இருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின். எடை இவ்வளவு குறைந்ததை உங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லுங்கள். சாப்பாட்டைக் குறைத்ததால்தான் இருக்கும் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம்.

சரி, இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை, இடுப்புக்குழி என்று வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீங்கள் சாப்பிட்ட எதுவும் இதைக் கொண்டுவந்துவிடவில்லை. எதையாவது விட்டால் அந்தத் திசு கரைந்துவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ நிபுணர் சங்கமான எஷ்ரே 2022ல் வெளியிட்ட வழிகாட்டியைப் பார்த்தால், இன்ன உணவு, இன்ன உடற்பயிற்சி என்று குறிப்பாக எதையும் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே இருக்கிறது. இதைச் சொன்னால் என்னிடம் வரும் பெண்கள் பலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் எனக்கு இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. உங்கள் தட்டில் குற்றவாளியைத் தேட வேண்டிய அவசியமில்லை. உடம்பில் தெம்பு இருக்க வேண்டும், குடல் அமைதியாக இருக்க வேண்டும். சாப்பாட்டிடம் இந்த இரண்டை மட்டும் கேட்டால் போதும்.

உணவைப் பற்றி நம்பகமாகத் தெரிந்ததில் முக்கியமானது அமெரிக்கத் தாதியர் ஆய்வு. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2010ல் வெளியிட்டார்கள். மீனில் உள்ள நீண்ட ஒமேகா 3 கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் கண்டறியப்பட்டது 22 விழுக்காடு குறைவு. டிரான்ஸ் கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 48 விழுக்காடு அதிகம். நோய் வரும் வாய்ப்பைப் பற்றிய கணக்கு இது, வந்த வலியைக் குறைக்கும் கணக்காக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. டிரான்ஸ் கொழுப்பின் முக்கிய ஊற்றான பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்குச் சிங்கப்பூர் 2021 ஜூனிலேயே தடை போட்டுவிட்டது, அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மீனை மட்டும் வாரம் இரண்டு மூன்று முறை சேர்த்துக்கொள்ளுங்கள். சால்மன்தான் வேண்டும் என்பதில்லை. தேக்கா சந்தையில் கெம்போங் என்று கேட்டால் கிடைக்கிற கானாங்கெளுத்தியும், மத்தியும் அதே வேலையை மலிவாகச் செய்யும்.

ஆகவே, திருப்பி வைக்கும் வேலையைச் சோற்றிலிருந்து தொடங்குங்கள். சோறு குடலுக்கு மிகச் சாதுவான உணவு, அதை நீங்கள் விட்டிருக்கவே தேவையில்லை. சோறு, மீன், முட்டை, கோழி, கேரட், கத்திரிக்காய், கீரை, பப்பாளி. இவற்றை முதல் இரண்டு வாரம் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுங்கள். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து உடம்பில் சேரும். கோப்பி, தே இரண்டும் சாப்பாட்டோடு போனால் அதைத் தடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கோப்பியை அடியோடு விடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குடித்ததும் வயிறு கலங்குகிறது என்றால் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

உப்பசத்துக்கு வருகிறேன், உங்களை அதிகம் வாட்டுவது அதுதான். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்கள் பலருக்குக் குடல் எரிச்சல் நோயும் (ஐபிஎஸ்) கூடவே இருக்கும். குடலில் சரியாகச் செரிக்காமல் புளித்துக் காற்றாகும் சில மாவுச்சத்துகளை மொத்தமாக ஃபாட்மேப் என்பார்கள். அவற்றைக் கொஞ்ச நாள் குறைக்கும் முறையை வகுத்தது மெல்பர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம். எண்டோமெட்ரியோசிஸும் குடல் எரிச்சலும் சேர்ந்திருந்த பெண்களில் 72 விழுக்காட்டினருக்கு இதனால் குடல் தொல்லை குறைந்ததாக நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2017ல் காட்டியது. நீங்களும் இதைத்தான் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் செய்து பார்த்திருக்கிறீர்கள். விட்டவற்றைத் திரும்பச் சேர்க்கும் கட்டத்துக்கு மட்டும் போகவே இல்லை. நீக்கும் கட்டம் இரண்டிலிருந்து ஆறு வாரம்தான். அதற்குமேல் நீண்டால் குடலில் நல்ல கிருமிகளுக்கும் பட்டினி, உங்களுக்கும் பட்டினி.

நம் வீட்டுச் சமையலில் இந்த ஃபாட்மேப் எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை நான்கிலும்தான். பரோட்டாவை விட்டுவிட்டுச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை, மூன்று மாதமாக உப்பசம் தீரவில்லை என்று என்னிடம் வந்தார். பூண்டு இல்லாமல் நம் நாக்குக்கு ஆகாது என்பது எனக்கும் தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பூண்டில் தொல்லை தருகிற பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நாலைந்து பல்லை முழுசாக நல்லெண்ணெயில் போட்டு, சின்னத் தீயில் ஓரம் பொன்னிறமாகும்வரை விடுங்கள். வாசம் எண்ணெயில் இறங்கியதும் பல்லைக் கரண்டியால் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். அதன்பிறகு அதே எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகு, கறிவேப்பிலை தாளித்து, தக்காளியும் புளியும் கரைத்து ரசம் வையுங்கள். பூண்டு ரசத்தின் மணம் வந்துவிடும். முதலில் பல்லை எடுத்த பிறகுதான் தண்ணீர் சேர வேண்டும், வரிசை மாறினால் பயன் இல்லை. இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், பாட்டிலில் போட்டு வெளியே வைக்காதீர்கள், விஷமாகிவிடலாம். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடலாம்.

உணவங்காடியில் சாப்பிடும் நாளில் பீஹூன் (அரிசி சேமியா) போட்ட மீன் சூப் நல்ல தேர்வு, பால் ஊற்ற வேண்டாம், பொரித்த பூண்டும் வெங்காயமும் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிக்கன் ரைஸ் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் அந்தச் சோறே பூண்டோடு வேகிறது.

இரண்டு மூன்று வாரத்தில் வயிறு அடங்கினால் திரும்பச் சேர்க்கும் கட்டம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு உணவு. மூன்று நாள், முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் கூடுதல், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. தயிரில் தொடங்குங்கள், நன்றாகப் புளித்த வீட்டுத் தயிரில் பால் சர்க்கரை குறைவு. அடுத்து பருப்பு, ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவைத்து, சின்னக் கரண்டியில். அதன்பின் கோதுமை. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் சுண்ணாம்புச்சத்தை விட்டுவிடக் கூடாது. டைனோஜெஸ்ட் நீண்ட நாள் எடுப்பவர்களில் சிலருக்கு எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைவதுண்டு. லாக்டோஸ் இல்லாத பால், கெட்டியான தவ்கூ (சோயாக் கட்டி), முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, கேழ்வரகு எல்லாமே உதவும். மஞ்சள் மாத்திரை, மூலிகைப் பொடி என்று புதிதாக எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். குழம்பில் போடுகிற மஞ்சளுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

இப்போது உடற்பயிற்சி. பல பெண்கள் செய்யும் ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பு வலி என்றால் இடுப்பை இறுக்கிப் பழக வேண்டும் என்று நினைத்து இடுப்புத்தளத் தசையை இறுக்கும் கீகல் பயிற்சியும் வயிற்றுப் பயிற்சியும் தொடங்குவார்கள். வருடக்கணக்கில் வலியைத் தாங்கிய இடுப்புத்தளத் தசை ஏற்கெனவே முறுக்கேறிக் கிடக்கும். அதை மேலும் இறுக்கினால் வலி கூடும். அதற்குத் தளரக் கற்றுத் தர வேண்டும். தரையில் மல்லாந்து படுத்து, கால்கள் இரண்டையும் நாற்காலி மேல் மடித்து வையுங்கள். ஒரு கை தொப்புளுக்குக் கீழே. மூச்சை நாலு எண்ணும்வரை உள்ளே இழுக்கும்போது கை மேலெழ வேண்டும், இடுப்பின் அடித்தளம் கீழே இறங்கி விரிவதுபோல் உணர வேண்டும். ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். தாடை இறுகியிருந்தால் அதையும் தளர்த்துங்கள், தாடையும் இடுப்புத்தளமும் பெரும்பாலும் சேர்ந்தே இறுகும். ஐந்து நிமிடம், படுக்கப் போகுமுன் தினமும். வலி மோசமான நாளில் சுடுநீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு இதை மட்டும் செய்தால் போதும், அன்றைக்கு அதுவே உங்கள் உடற்பயிற்சி.

ஓடுவதற்கு அவசரப்படாதீர்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வந்து, மருத்துவர் சரி என்றதும் நடையில் தொடங்குங்கள். பொங்கோல் நீர்வழி உங்கள் வீட்டுப் பக்கம்தானே? அதன் முழு நீளம் 4.2 கிலோமீட்டர், முதல் வாரம் பத்து நிமிடம் போய்த் திரும்புங்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இழுப்பது. நீந்தப் பிடிக்கும் என்றால் செங்காங் நீச்சல் குளம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து பாருங்கள். சிங்கப்பூர் வழிகாட்டி வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது. அங்கே சேர உங்களுக்கு ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

அளவை எப்படித் தெரிந்துகொள்வது? மறுநாள் காலையைக் கேளுங்கள். பத்துக்கு மூன்றாக இருக்கும் உங்கள் வழக்கமான வலி ஐந்தானால், நேற்றுச் செய்தது அதிகம், அடுத்த முறை பாதி செய்யுங்கள். கூடவில்லை என்றால் அடுத்த வாரம் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நன்றாக இருக்கும் ஒருநாளில் விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்த்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கதை.

இவற்றைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. இடுப்புத்தள இயன்முறை மருத்துவருக்கும் உணவியல் நிபுணருக்கும் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் இரண்டு சேவையும் உண்டு. மாதவிடாய்க்கென்று தனி விடுப்பு நம் சட்டத்தில் இல்லை. ஆனால் 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறையாக எழுதிக் கேட்டால் முதலாளி பரிசீலித்தே ஆகவேண்டும், வலி நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டுப் பாருங்கள். திடீரென்று தாங்கமுடியாத வலி, மயக்கம், காய்ச்சலோடு வலி என்றால் இந்தக் கட்டுரையை நம்பி உட்கார்ந்திருக்காமல் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் கண்டால் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.

அம்மாவின் உளுந்தங்களியை மறக்கவில்லை. அது நோயைக் குணப்படுத்தாது, ஆனால் ஆறு கிலோ இழந்த உடம்புக்கு நல்லெண்ணெயும் உளுந்தும் தெம்புதான். உளுந்தும் பருப்பு வகை என்பதால் திரும்பச் சேர்க்கும் வரிசையில் துவரம்பருப்புக்கு அடுத்து வையுங்கள். வேலையில்லாத சனிக்கிழமைக் காலையில் ஒரு சின்னக் கிண்ணம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு கரண்டி போட வந்தால், அடுத்த சனிக்கிழமைக்கு வைத்திருக்கச் சொல்லுங்கள் அம்மாவிடம்.