எருமை விற்ற காசு

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு சிறுகதை எழுதினேன். விவசாயி ஒருவர் எருமைகளை விற்று ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடுகிறார். 800 அடி போயும் புழுதிதான். அன்று ராத்திரியே மழை கொட்டுகிறது. அதோடு கதை முடிகிறது. நல்ல சூழல் முரண்நகை என்று நினைத்திருந்தேன். படித்த நண்பர், "இது வெறும் தற்செயல்" என்கிறார். இரண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?

வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரி. அந்த விவசாயி போர் போடாமலே இருந்திருந்தாலும் அந்த மழை பெய்திருக்கும். ஒருவர் எதைக் காப்பாற்ற ஒரு காரியத்தில் இறங்கினாரோ, அந்தக் காரியமே அதைப் பறித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அது முரண்நகை.

நம் பக்கத்து ஒரத்துப்பாளையம் அணையையே பாருங்கள். நொய்யல் தண்ணீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடுவதற்காக 1992இல் கட்டி முடித்தார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து அதில் தேங்கியது. கடைசியில் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம், நிலம் கெட்டுவிடும் என்று சொன்னவர்கள் அதை நம்பியிருந்த விவசாயிகளேதான். அணை பழுதாகவில்லை. தேக்கக் கட்டினார்கள், தேக்கியது. அந்தக் கரையில் நின்றவன் நான். இன்றும் மனது ஆறவில்லை.

உங்கள் கதைக்கு வருவோம். அவர் எதற்காகப் போர் போடுகிறார் என்று நீங்கள் சொல்லவே இல்லை. எருமைகளுக்குப் பசுந்தீவனம் போடத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிற்கிறது. அடிக்கணக்கில் காசு. 400 அடியில் ஓட்டுபவர், "இன்னும் போலாமுங்களா?" என்கிறார். விவசாயி ஒரு எருமையை விற்கிறார். 600இல் மறுபடியும் அதே கேள்வி, இன்னொரு எருமை. 800இல் கடைசி எருமையும் போகிறது, தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. இரண்டே மாதத்தில் தீவனச்சோளம் ஆள் உயரம். கட்டுத்தரையில் முளைக்குச்சிகள் மட்டும் நிற்கின்றன.

மழையே வேண்டாம், பார்த்தீர்களா? ஆனால் முதல் பக்கத்திலேயே அவர் காய்ந்த சோளத்தட்டை எருமைக்குப் போட்டுவிட்டு, அது முகர்ந்து பார்த்துத் திரும்பிக்கொள்வதைக் காட்டிவிடுங்கள். அந்த ஆசை வாசகருக்கும் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் முடிவில் வீட்டுக்காரம்மாவை விட்டு, "இதுக்குத்தானா இத்தனை பாடு?" என்று கேட்க வைக்காதீர்கள். அதை வாசகர் கேட்டுக்கொள்வார்.

மாற்றி எழுதியதும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.