முதலில் கல் எங்கே கிடைத்தது என்று பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

பழனி மலையின் கல்திட்டைகள் (பலகைக்கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பழங்கால ஈமச்சின்னங்கள்) பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இவ்வளவு பெரிய கல்லை எப்படிக் கொண்டுவந்தார்கள்? பொறுக்கி எடுத்த சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகளின் மூடுகற்களை வத்தலக்குண்டுச் சமவெளியிலிருந்து மலைமேல் எப்படி ஏற்றினார்கள்? (கல்லூரி மாணவர், பெருமாள்மலை)

பதில்: ஏற்றவில்லை. கல்திட்டையைச் சுற்றி நாலு பக்கமும் நடந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கீழ்ப்பழனி மலையில் இவை பெரும்பாலும் மொட்டைப்பாறையின் மேலோ அதை ஒட்டியோதான் நிற்கின்றன. நம் பாறைக்கு ஒரு குணம் உண்டு. வெயிலும் மழையும் பட்டுப் பட்டு மேல்பகுதி அடுக்கடுக்காக விட்டுவிடும். அரை அடி, முக்கால் அடி கனத்தில் பலகை பலகையாகக் கிளம்பி நிற்கும். அப்படிக் கிளம்பிய இடத்தைச் சின்னக் கல்லால் தட்டினால் பொத்தென்று கேட்கும். ஒட்டியிருக்கும் இடத்தில் கணீரென்று கேட்கும். அந்த விரிசலில் ஆப்பு இறக்கி நெம்பினாலே பலகை வந்துவிடும். வராவிட்டால் தீ மூட்டிச் சூடேற்றித் தண்ணீர் ஊற்றலாம். மூடுகல்லின் இரண்டு முகத்தையும் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் உளி படாத முகமாக இருக்கும், பாறையிலிருந்து உரிந்தபடியே. வரிசையாக, ஒரே அளவில், துளைபோட்ட தடம் தெரிந்தால் அது பிற்காலத்துக் கல் உடைப்பு.

போக்குவரத்தைப் பேசும் முன் கல் எங்கே கிடைத்தது என்று பாருங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கல்திட்டையின் மூடுகல் 10 அடி நீளம், 6 அடி அகலம், 8 அங்குல கனம். எடை 20 டன் இருக்கும். எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள்? (பண்ணைக்காடு)

பதில்: அளவையும் கொடுத்துவிட்டு 20 டன் என்றும் எழுதினால் எப்படி? பெருக்கிப் பாருங்கள். 40 கன அடி. நம் பாறை கன அடிக்குச் சுமார் 75 கிலோ. ஆக 3 டன். அதைத் தூக்கியிருக்க மாட்டார்கள், இழுத்திருப்பார்கள். எகிப்தில் ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியத்தில், 60 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக மதிப்பிடப்படும் ஒரு சிலையைச் சறுக்குச் சட்டத்தில் வைத்து 172 பேர் இழுக்கிறார்கள். முன்னால் ஒருவர் தரையில் தண்ணீர் ஊற்றுகிறார். அதை வெறும் சடங்கு என்று சொல்லிவந்தவர்கள் உண்டு. மணலில் ஈரம் சரியான அளவில் இருந்தால் இழுக்கும் விசை பாதியாகக் குறைகிறது என்று 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். அந்த ஓவியத்தின் கணக்கில் டன்னுக்கு மூன்று பேர். நம் கரடுமுரடான சரிவுக்கு நாலு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். முப்பது, நாற்பது பேர் போதும்.

கேள்வி: படங்களில் எல்லாம் கல்லுக்கு அடியில் உருட்டுக்கட்டை வைத்துத் தள்ளுகிறார்களே? (வத்தலக்குண்டு)

பதில்: சமதளத்தில், கெட்டித் தரையில் சரி. மலைச்சரிவில் உருட்டுக்கட்டை வைத்தால் கல் கைமீறிப் போய்விடும்; மண் இளகிய இடத்தில் கட்டை புதைந்துவிடும். வடகிழக்கு இந்தியாவின் நாகர் பழங்குடியினர் கவட்டை மரத்தையே சட்டமாக்கி, கல்லை அதன்மேல் கட்டி, ஊரே சேர்ந்து இழுத்தது 20-ஆம் நூற்றாண்டிலும் பதிவாகியிருக்கிறது. இந்தோனேசியாவின் சும்பா தீவில் கல்லறைக் கல்லை இழுக்கும் வழக்கம் நம் காலம்வரை வந்திருக்கிறது. நம் ஊரில் தேர் இழுப்பவர்களுக்கு இதில் விளக்கவே ஒன்றுமில்லை: வடம், முட்டுக்கட்டை, பின்னாலிருந்து நெம்பும் தடி, எல்லோரையும் ஒரே நொடியில் இழுக்க வைக்கும் குரல்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் ஒற்றைக்கல்லைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாய்வுப்பாதையாகச் சாரம் கட்டித்தானே ஏற்றினார்கள்? (சுற்றுலா வழிகாட்டி, கொடைக்கானல்)

பதில்: அது ஒற்றைக்கல் இல்லை, பல கற்களை இணைத்துக் கட்டிய சிகரம். ஒற்றைக்கல் கதை போய்விட்டால் பல மைல் நீளச் சாரத்துக்கும் அவசியம் இல்லாமல் போகிறது. தினமும் நூறு பேருக்குச் சொல்கிறீர்கள், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டிய வியப்பு வேறு. தஞ்சையைச் சுற்றிக் கருங்கல் பாறையே கிடையாது. 1010-இல் முடிந்த அந்தக் கோயிலின் கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது.

கேள்வி: இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் கற்களைப் பனியாறு தள்ளிக்கொண்டு வந்ததா, மனிதர்கள் கொண்டுவந்தார்களா? (பள்ளி ஆசிரியை, செண்பகனூர்)

பதில்: சண்டை பெரும்பாலும் அங்குள்ள சிறிய கற்களான நீலக்கற்களைப் பற்றியது. அவை 2 முதல் 4 டன். வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து வந்தவை என்பது 1923 முதல் தெரியும். தூரம் 200 கிலோமீட்டருக்கு மேல். பனியாறு கொண்டுவந்தது என்போர் இன்றும் சிலர் இருக்கிறார்கள். மனிதர்கள்தான் என்பது என் முடிவு. 20 டன்னைத் தாண்டும் பெரிய சார்சன் கற்கள் 25 கிலோமீட்டர் தள்ளியுள்ள வெஸ்ட் வுட்ஸிலிருந்து வந்தவை என்று 2020-இலும், 6 டன் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, ஏறக்குறைய 700 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்தது என்று 2024-இலும் தெரியவந்தது. இரண்டுமே கல்லின் வேதியியலை வைத்துப் பிறந்த இடத்தைக் கண்டுபிடித்ததால் கிடைத்த விடை. வகுப்பில் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கனக விசயர் தலையில் இமயத்துக் கல்லைச் சேரன் செங்குட்டுவன் ஏற்றிவந்தது நடக்கக்கூடியதா? (பழனி)

பதில்: சிலப்பதிகாரம் காவியம், அதில் எடைக்கணக்குத் தேடாதீர்கள். கல்லைத் தேர்வது, எடுத்துவருவது, நீராட்டுவது, நடுவது என்ற நடுகல் முறை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் ஒரு கல்திட்டை இருக்கிறது. 200 அடி தள்ளி, தங்கும் விடுதி வாசலில் அப்படியே எடுத்து வைத்தால் விருந்தினர்கள் பார்ப்பார்கள், பாதுகாப்பாகவும் இருக்கும். ஜேசிபி கைவசம் உண்டு. கல் உடையாமல் எடுப்பது எப்படி? (தோட்ட உரிமையாளர், கீழ்ப்பழனி மலை)

பதில்: எடுக்காதீர்கள். ஒரு அங்குலம்கூட நகர்த்தாதீர்கள்.

உங்கள் எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் இந்த மலையில் நான் கண்ட சேதத்தில் பெரும்பங்கு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். ஒரு விடுதியின் புல்தரையில் நான்கு பலகையும் ஒரு மூடுகல்லும் நேர்த்தியாக நிற்பதைப் பார்த்தேன். எந்தப் பக்கம் திறந்திருந்தது, எந்தப் பலகை எங்கே நின்றது, அடியில் என்ன இருந்தது என்று கேட்டால் அங்கே சொல்ல ஆளில்லை. ஜேசிபி ஓட்டியவர் தன் வசதிக்கு அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். தொல்லியலுக்கு அது இனி வெறும் ஐந்து கல்.

கல்திட்டையில் கல் பாதி, மண் பாதி. பலகையை நிமிர்த்தி நிறுத்த அடியில் செருகிய சின்னக் கற்கள், உள்ளே தேங்கிய மண், அதிலிருக்கும் பானை ஓடு, மணி, இரும்புத் துண்டு, இவையெல்லாம் இருந்த இடத்தில் இருந்தால்தான் பேசும். தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் குழு அகழ்ந்தபோது, வெளியிலிருந்து வரும் செந்நிறக் கல்லான சூதுபவளத்தில் செய்த மணிகள் கிடைத்தன. மலையில் இருந்தவர்களுக்குச் சமவெளியோடு வணிகம் இருந்தது என்று அதை வைத்துத்தான் பேச முடிகிறது. மணி உங்கள் அலமாரிக்குப் போயிருந்தால் அந்தப் பேச்சே இல்லை. இன்னொன்று: கல்லுக்கு அடியில் இருக்கும் மண் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்று கணக்கிடும் முறை இப்போது இருக்கிறது. கல்லைத் தூக்கி அடிமண்ணைக் கிளறினால் வெயில் பட்டுவிடும். அந்தக் காலக்கணக்கு அதோடு அழிந்தது. இந்தக் கல்லை எப்படி நகர்த்தினார்கள் என்று எனக்கு எழுதும் ஊரிலேயே இப்படி நகர்த்திக்கொண்டிருந்தால் நான் எதை வைத்துப் பதில் சொல்வேன்?

சரி, என்ன செய்யலாம்? வேலி போடுங்கள், ஆனால் தள்ளிப் போடுங்கள். காப்பிச்செடிக்குக் குழி எடுக்கும்போது அந்தப் பக்கம் போக வேண்டாம். அப்புறம் வட்டாட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுதித் தெரிவியுங்கள். மண்ணில் பொருள் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது.

கேள்வி: நீலகிரிக் கல்வட்டங்களுக்குக் கல் எங்கிருந்து வந்தது? (கோத்தகிரி)

பதில்: அதே மேட்டில் பொறுக்கிய கல். பெரும்பாலும் இரண்டு பேர் புரட்டும் அளவுதான். நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ் தோண்டிப் பார்த்து எழுதியது 1873-இல் வெளிவந்தது. வெண்கலக் கிண்ணங்கள்வரை எடுத்தார்.

கேள்வி: 1,000 டன் கல்லை இயந்திரம் இல்லாமல் மனிதன் நகர்த்தவே முடியாது. வேற்றுக்கிரகவாசிகள் உதவியதை ஏன் மறைக்கிறீர்கள்? (திண்டுக்கல்)

பதில்: 1769-70-இல் ரஷ்யாவில் 1,000 டன்னுக்கு மேல் எடையுள்ள, 'இடிக்கல்' என்று பெயர்பெற்ற ஒரு பாறையை, உறைந்த தரையில், வெண்கலக் குண்டுகளின் மேல் வைத்து, சுமார் 400 பேர் 6 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். என்ஜின் கிடையாது.

கேள்வி: யானைகளைப் பயன்படுத்தியிருப்பார்களா? (ஒட்டன்சத்திரம்)

பதில்: 3 டன் பலகைக்கு, பாறை விளிம்பில், யானை வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் கல்லின்மேல் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறது. அடுத்த முறை பக்கத்தில் ஒரு அளவுகோலை மட்டும் வையுங்கள். கல்லைத் தொட வேண்டாம்.