ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவது ஏன்?

கேள்வி: என் அம்பாசடர் பெட்ரோல் காரின் இன்ஜினை மதுரையில் ஒரு பட்டறையில் இறக்கி, போர் அடித்து (தேய்ந்த சிலிண்டர் குழலைக் கடைந்து), புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு, வால்வு வேலையும் செய்தோம். 800 கி.மீ. ஓடிய பிறகும் ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது இழுவை இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) பார்த்ததில் சிலிண்டர் வரிசைப்படி 125, 120, 85, 122 பி.எஸ்.ஐ. காட்டியது. ரிங் செட்டானால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். காத்திருக்கலாமா?
வாசகர், உசிலம்பட்டி

பதில்: காத்திருக்க வேண்டாம். புதிய ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் நான்கு சிலிண்டர்களுக்கும் ஒன்றாகவே வேலை நடந்திருப்பதால், ரிங் படியாததுதான் காரணம் என்றால் குறைவு நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்திருக்கும். வால்வுகள் திறக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயின் பல் மாறி மாட்டியிருந்தாலும் அப்படித்தான். மிகக் குறைந்த அளவு, மிக அதிகமான அளவில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது என்பது பட்டறைகளின் பொதுக் கணக்கு. 125-க்கு அது ஏறக்குறைய 94. உங்கள் மூன்றாவது சிலிண்டர் அதற்கும் கீழே இருக்கிறது.

முதலில் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியை, சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) போல்ட்டுகளை மறுபடி முறுக்கும்போது இந்த இடைவெளி சுருங்கும். அதன் பிறகு இடைவெளியை மறுபடி சரியாக வைக்காமல் விட்டால் வால்வு முழுவதும் மூடாது. அடுத்து, இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி, நல்ல சார்ஜ் உள்ள பேட்டரியில் மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் குறைவாகவே இருந்தால், மூன்றாவது சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு அளக்கவும். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போரில் கோளாறு. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். இரண்டாவது சிலிண்டர் நன்றாக இருப்பதால், இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு குறைவு.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவு தேடும் காற்றுச் சோதனையை அவசியம் செய்யுங்கள். அவசரப்பட்டுப் பிரித்துவிட்டால், கசிவு எங்கே இருந்தது என்பதைக் காதால் கேட்டறியும் வாய்ப்பு போய்விடும். பழைய பிளக்கின் உள்பகுதியை எடுத்துவிட்டு, லேத் பட்டறையில் அதில் காற்றுக் குழாய் பொருத்தித் தருவார்கள். மூன்றாவது பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்கும்படி வைத்து, இன்ஜின் சுழலாதபடி டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்த வேண்டும். சீறல் சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் பலமாகக் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட் விரிசல்.

கசிவே இல்லாமல் அளவு மட்டும் குறைந்தால், பலரும் பார்க்கத் தவறும் இரண்டு இடங்கள் உள்ளன. கேம்ஷாஃப்டில் அந்த சிலிண்டருக்குரிய மேடு தேய்ந்திருந்தால் இன்டேக் வால்வு போதுமான அளவு திறக்காது. கனெக்டிங் ராடு வளைந்திருந்தால் பிஸ்டன் உச்சிவரை ஏறாது. வால்வு திறக்கும் உயரத்தை மற்ற சிலிண்டர்களோடு டயல் கேஜில் ஒப்பிட்டால் முதலாவது தெரிந்துவிடும்.

காரணம் தெரியும்வரை கணவாய் ஏற வேண்டாம். எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது என்றால், சுமையோடு ஓட்டும் ஒவ்வொரு முறையும் வால்வும் அதன் சீட்டும் மேலும் கருகும்.