ஸ்விட்ச் உருகுதுன்னா ஃபேனைத் திட்டாதீங்க

கேள்வி: சார், என்கிட்ட பழைய மஹிந்திரா டீசல் ஜீப் இருக்கு, கொல்லிமலைக்கு லோடு ஏத்துறேன். டவுன்ல நின்னு நின்னு போகும்போது ஹீட் ஏறுதுன்னு பெல்ட் ஃபேனைக் கழட்டிட்டு 12 இன்ச் எலக்ட்ரிக் ஃபேன் போட்டேன். பேட்டரில இருந்து டேஷ்போர்டு ஸ்விட்ச், அங்கேர்ந்து நேரா ஃபேன். இதுவரைக்கும் ரெண்டு ஸ்விட்ச் உருகிடுச்சு, ஃபேனும் மெதுவாத்தான் சுத்துது. ஃபேன் டூப்ளிகேட்டுங்கிறாங்க. மாத்திடவா?
— வாசகர், சேந்தமங்கலம்

பதில்: அவசரப்பட்டு மாத்தாதீங்க சார். முதல்ல ஒரு மல்டிமீட்டர் வாங்கி, ஃபேன் ஓடிட்டு இருக்கும்போதே ஃபேனோட ரெண்டு ஒயர்லயும் வச்சுப் பாருங்க, அப்புறம் பேட்டரி மேலயே வச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா கோளாறு ஒயரிங்லதான், ஃபேன்ல இல்ல. உங்களுக்குக் கண்டிப்பா ஒன்றரை ரெண்டு வோல்ட் வித்தியாசம் வரும்னு நினைக்கிறேன், ஏன்னா 12 இன்ச் ஃபேன் சாதாரணமா 10ல இருந்து 15 ஆம்பியர் வரை இழுக்கும், ஸ்டார்ட் ஆகுற நொடியில அதைவிட ரெண்டு மூணு மடங்கு இழுக்கும், இதை 1 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல அஞ்சு மீட்டர் சுத்திக் கொண்டுபோனா 15 ஆம்பியர்ல ஒன்றரை வோல்ட் கிட்ட ஒயர்லயே சூடாப் போயிடும். மிச்சம் இருக்குற வோல்ட்ல ஃபேன் எப்படி வேகமாச் சுத்தும்? அதுல டேஷ்போர்டு ஸ்விட்ச் வேற, லைட்டு போடுறதுக்குன்னு செஞ்ச ஸ்விட்ச் அது, உள்ள இருக்குற சின்ன பாயின்ட் இந்த லோடைத் தாங்காது.

இதுக்குத்தான் ரிலே, அதாவது சின்ன கரன்ட்டை வச்சு பெரிய கரன்ட்டை ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச். 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே ஒண்ணு வாங்குங்க. பேட்டரி பிளஸ்ல இருந்து 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் எடுத்து, பேட்டரியை விட்டு ஒரு சாணுக்குள்ளயே 25 ஆம்பியர் பியூஸ் போட்டு, ரிலேவோட 30ஆம் நம்பர் பின்னுக்குக் கொண்டு வாங்க. பியூஸை ரிலே பக்கத்துல வைக்காதீங்க, நடுவுல ஒயர் உரசி பாடில பட்டா பியூஸுக்கு முன்னாடியே ஒயர் பத்திக்கும். 87ல இருந்து ஃபேன் பிளஸ், இதுவும் அதே 4 ஸ்கொயர் எம்எம். 86க்கு சாவி போட்டா மட்டும் கரன்ட் வர்ற ஒரு லைன். 85ல இருந்து ஒரு ஒயர் தெர்மோ ஸ்விட்சுக்கு (தண்ணி சூடானா தானா ஆன் ஆகுற ஸ்விட்ச்), தெர்மோ ஸ்விட்சோட இன்னொரு கால் எர்த்துக்கு. ரிலே உள்ள இருக்குற காயில் (கம்பிச் சுருள்) இழுக்குறது 0.2 ஆம்பியர்கூட இருக்காது, அதனால இந்தப் பக்கம் மெல்லிசு ஒயரே போதும். உங்க டேஷ்போர்டு ஸ்விட்சும் வேணும்னா 85ல இருந்து எர்த்துக்கு இன்னொரு வழியா இழுத்துக்கலாம், மலை ஏறுறப்போ முன்கூட்டியே ஃபேனை ஓட விட வசதியா இருக்கும், ஸ்விட்ச் இனி உருகவே உருகாது.

அஞ்சு கால் ரிலே குடுத்தாங்கன்னா நடுவுல '87A'ன்னு ஒண்ணு இருக்கும், அதுல எதையும் மாட்டிடாதீங்க. ரிலே ஆஃப்ல இருக்கும்போது கரன்ட் வர்ற கால் அது, ராத்திரி பூரா ஃபேன் ஓடி காலையில பேட்டரி படுத்துடும். ரிலேவை கால் கீழ பாக்குற மாதிரி முடுக்குங்க, மழைத்தண்ணி உள்ள இறங்காது.

எர்த்தை யாரும் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க, எனக்கு அதுதான் ஆதங்கம். ஃபேனோட மைனஸ் ஒயரும் 4 ஸ்கொயர் எம்எம்மா இருக்கணும், பெயின்ட் மேல போல்ட் வச்சு முடுக்கினா அது எர்த்தே இல்ல, வெள்ளையா இரும்பு தெரியுற வரைக்கும் சுரண்டி, ஒயர் நுனில லக் (போல்ட் மாட்டுற ஓட்டை வச்ச உலோக முனை) வச்சு நசுக்கி முடுக்குங்க, இல்லேன்னா நேரா பேட்டரி மைனஸுக்கே கொண்டு போயிடுங்க. ரெண்டு ஒயரை முறுக்கி டேப் சுத்துறது இஞ்சின் சூட்டுல ஒரு வெயில் காலம் தாங்காது, டேப் பிசின் உருகி வழிஞ்சு ஜாயின்ட் வெளிய வந்துடும்.

தெர்மோ ஸ்விட்ச் வாங்கும்போது உங்க இஞ்சின் தெர்மோஸ்டாட் (தண்ணி சூடான பிறகு ரேடியேட்டருக்கு வழி விடுற வால்வு) எத்தனை டிகிரில திறக்குதுன்னு கேட்டு வாங்குங்க. தெர்மோஸ்டாட் 82ன்னா, 92ல ஆன் ஆகி 87ல ஆஃப் ஆகுற ஸ்விட்ச் சரியா வரும். 80ல ஆஃப் ஆகுற ஸ்விட்சை இஞ்சின்ல இருந்து சூடான தண்ணி வெளிய வர்ற பக்கம் வச்சா, ஓடுற இஞ்சின்ல தண்ணி அவ்வளவு கீழ இறங்கவே இறங்காது, ஃபேன் நிக்கவே நிக்காது. ஒத்தை ஒயர் ஸ்விட்ச்னா அது மரை வழியாத்தான் எர்த் எடுக்குது, அதனால டெஃப்லான் டேப்பைத் தாறுமாறா சுத்தாதீங்க.

இன்னொரு சின்ன செக். ஃபேன் இஞ்சின் பக்கம் இருந்தா, ஓட விட்டு கிரில் முன்னாடி ஒரு பேப்பரைக் காட்டுங்க. பேப்பர் கிரில்ல ஒட்டிக்கிட்டா சரி. தள்ளி விட்டுச்சுன்னா ஃபேன் தலைகீழா சுத்துது, வண்டி ஓடும்போது எதிர்ல வர்ற காத்தோட மல்லுக்கட்டுது, பிளஸ் மைனஸை மாத்தி மாட்டுங்க. ரேடியேட்டரோட மெல்லிசு தகடுகளுக்குள்ள பிளாஸ்டிக் டேக்கை குத்தி ஃபேனைத் தொங்க விட்டிருந்தா அதையும் எடுத்துட்டு தகரத்துல பட்டை அடிச்சு மாட்டுங்க, ஆட்டத்துல உரசி உரசி டியூப் ஓட்டையாகும்.

இவ்வளவும் சொன்னாலும் மனசுல பட்டதைச் சொல்லிடுறேன். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்ல லோடோட ஏறுற வண்டில நான் பெல்ட் ஃபேனைக் கழட்டவே மாட்டேன். அங்க இஞ்சின் ஆர்பிஎம் அதிகம், பெல்ட் ஃபேன் அதே வேகத்துக்கு காத்து இழுக்கும். அது தோக்குறது ஐட்லிங்ல, அதாவது உங்க டவுன் டிராஃபிக்ல. அதனால பெல்ட் ஃபேனைத் திரும்ப மாட்டிட்டு, எலக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டருக்கு முன்பக்கம் உதவிக்கு வைங்க. ஆனா முன்னாடி வச்சா அது காத்தை உள்ள தள்ளுற ஃபேனா இருக்கணும், வெறும் பிளஸ் மைனஸ் மாத்தினா மட்டும் பத்தாது, பிளேடு வளைவும் அந்தப் பக்கம் பார்க்கணும், பிளேடைக் கழட்டித் திருப்பிப் போட முடியுமான்னு பாருங்க.

கேள்வி: பெட்ரோல் கார். ஏசி போட்டா ரேடியேட்டர் ஃபேன் ஓடுது, ஏசி இல்லாம எவ்வளவு ஹீட் ஆனாலும் ஓடமாட்டேங்குது. ஏன்?
— வாசகி, தாம்பரம்

பதில்: ஏசில ஓடுதுன்னா மோட்டார் நல்லா இருக்கும்மா. முதல்ல கூலன்ட் லெவல் பாருங்க, இஞ்சின் நல்லா ஆறின பிறகு மட்டும்தான் மூடியைத் திறக்கணும், சூட்டுல திறந்தா கொதிக்கிற தண்ணி பிரஷரோட முகத்துல அடிக்கும். தண்ணி குறைஞ்சோ ஏர் லாக் ஆகியோ (உள்ள காத்து அடைச்சுக்கிட்டோ) இருந்தா ஸ்விட்ச் மேல சூடு தண்ணி படாது, அது வேலை செய்யாது. தண்ணி சரியா இருந்தா, பழைய கார்புரேட்டர் வண்டின்னா தெர்மோ ஸ்விட்ச் சாக்கெட்டைக் கழட்டி ரெண்டு ஒயரையும் ஒரு துண்டு ஒயரால சேர்க்கச் சொல்லுங்க, சாவி ஆன்ல ஃபேன் ஓடினா தெர்மோ ஸ்விட்ச்தான் போச்சு. ஓடலேன்னா அந்தப் பக்கத்து ரிலே, பியூஸ், ஒயர்னு தேடணும். இசிஎம் (இஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) இருக்குற வண்டில இப்படி ஒயரைச் சேர்க்க விடாதீங்க, ஸ்கேனர் போட்டு டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுதுன்னு பார்க்கச் சொல்லுங்க.

கேள்வி: இஞ்சினை ஆஃப் பண்ணி சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடுது. பேட்டரி இறங்குமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: சில வண்டில கம்பெனியே அப்படித்தான் வச்சிருக்காங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுடுச்சுன்னா பயப்பட ஒண்ணும் இல்ல. பத்து நிமிஷம் தாண்டியும் ஓடினா ரிலே பாயின்ட் ஒட்டியிருக்கும், ரிலேவைப் பிடுங்கிப் பாருங்க, ஃபேன் நின்னா பெரும்பாலும் அதுதான், அப்பவும் நிக்கலேன்னா எங்கயோ ஒயர் ஷார்ட். பானட்டைத் திறந்து கையை உள்ள விடுறதுக்கு முன்னாடி ஃபேன் சாக்கெட்டைக் கழட்டிடுங்க, நின்ன ஃபேன் எப்ப வேணா திரும்பச் சுத்தும்.