கட்டம் சுருங்கினால் கடல் மாறுமா?

கேள்வி: காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகள் பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கின்றன; அந்தக் கட்டங்களை மேலும் சிறிதாக்க வேண்டும் என்று அறிவியலாளர்கள் வலியுறுத்துகிறார்கள். காலநிலை என்பதே பல ஆண்டுகளின் சராசரிதானே? கட்டம் பெரிதாக இருந்தாலும் சராசரி ஒன்றாகத்தானே வர வேண்டும்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: சிறிய அசைவுகள் யாவும் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துவிடுமானால் நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கும். கடலில் அப்படி நடப்பதில்லை.

1969-இல் அறிவியலாளர்கள் சியுகுரோ மனாபேயும் கிர்க் பிரையனும் கடலையும் வளிமண்டலத்தையும் முதன்முறையாக இணைத்துக் கணக்கிட்டபோது, கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 500 கி.மீ. இன்றும் பல மாதிரிகளில் கடலுக்கு 100 கி.மீ. அளவே வழக்கத்தில் உள்ளது. ஆனால் கடலின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி, சில பத்து கிலோமீட்டர் முதல் ஓரிரு நூறு கிலோமீட்டர் வரை அகலமுள்ள நீர்ச்சுழல்களில்தான் இருக்கிறது. பெரிய கட்டத்தில் இவை உருவாகவே இடமில்லை. போதாததற்கு, கணக்கீடு நிலைகுலையாமல் இருக்கக் கடல்நீரின் பாகுத்தன்மையை மிகவும் உயர்த்தி வைக்க வேண்டியிருப்பதால், அந்தக் கடல் வெல்லப்பாகுபோல் மந்தமாக நகர்கிறது. அதன் ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் காற்றின் மாற்றத்தால்தான் வருகின்றன. கட்டத்தை 10 கி.மீ. அளவுக்குக் குறைத்தால் சுழல்கள் தாமாகவே பிறக்கின்றன. ஆண்டுதோறும் ஒரே காற்றைக் கொடுத்தாலும் நீரோட்டங்கள் ஓர் ஆண்டைப்போல் மறு ஆண்டு இருப்பதில்லை. ஆகவே, மாறுவது படத்தின் கூர்மை மட்டுமன்று, ஏற்ற இறக்கங்களின் பிறப்பிடமே மாறுகிறது.

அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டமான வளைகுடா நீரோட்டத்தைப் (Gulf Stream) பாருங்கள். அது அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஹேட்டரஸ் முனையருகே விட்டு விலகி அட்லாண்டிக்கின் நடுவே செல்கிறது. பெரிய கட்ட மாதிரிகளில் அது கரையை ஒட்டியே வடக்கே ஏறிவிடுவதால், குளிர்ந்த நீர் இருக்க வேண்டிய இடத்தில் வெப்பமான நீர் நிற்கிறது; மேலே செல்லும் குளிர்காலப் புயல்களுக்கு அடித்தளமே பிசகிவிடுகிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. பரந்த கடலில் பலமான காற்று வீசினால் மேற்பரப்பு குளிர்கிறது. அங்கே காற்றே கடலை ஆள்கிறது. சுழல்களின் அளவிலோ இது தலைகீழ்: வெப்பமான நீரின் மேல் காற்று வலுக்கிறது, குளிர்ந்த நீரின் மேல் தளர்கிறது. கடற்காற்றை அளக்க 1999-இல் ஏவப்பட்ட குவிக்ஸ்காட் செயற்கைக்கோளின் அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பெரிய கட்டங்களில் இந்த இரண்டாவது உறவு பெரும்பாலும் தோன்றுவதே இல்லை.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்களேன். 200 கி.மீ. கட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்த மேடாகச் சமனாகிவிடுவதால், தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மறைவுப் பகுதியான தமிழகச் சமவெளி மாதிரியில் சரியாக உருவாவதில்லை.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் 10 கி.மீ. கட்டத்திலேயே கணக்கிட்டுவிடலாமே?
— அதே வாசகர்

பதில்: கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும், ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகும். 100-இலிருந்து 10 கி.மீ.க்கு வருவதென்றால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. பசிபிக் கடல் அவ்வப்போது வெப்பமடையும் எல் நினோவின் பல பத்தாண்டு ஏற்ற இறக்கங்களை அறியவோ நூற்றாண்டுக் கணக்கில், பலமுறை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். எனவே கணினி நேரம் முழுவதையும் கட்டத்தைச் சுருக்குவதிலேயே செலவிடுவது சரியன்று என்பது என் கருத்து. மேலும், 10 கி.மீ. கட்டத்திலும் தனித்தனி மழைமேகங்கள் அடங்குவதில்லை. அவற்றின் விளைவை அப்போதும் தோராயமான சூத்திரங்களால்தான் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.