ஆசிரியரின் ரசனைக்கு எவ்வளவு இடம்?

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து 64 பக்கக் காலாண்டிதழ் நடத்துகிறோம். ஆசிரியப் பொறுப்பு என்னுடையது. குரல் உயராத, சம்பவம் குறைந்த குடும்பக் கதைகள்தான் எனக்குப் பிடிக்கும். "பத்திரிகை முழுக்க உன் முகம்தான் தெரிகிறது" என்கிறார்கள் நண்பர்கள். என் ரசனையை ஒதுக்கிவிட வேண்டுமா?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: ஒதுக்க வேண்டாம். ரசனை இல்லாத ஆசிரியர் கையில் சிற்றிதழ் வெறும் தபால் கட்டாகிவிடும். 1959இல் சென்னையிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா சிறுகதை எழுத்தாளர். ஆனால் அந்த இதழ் இன்றும் பேசப்படுவது விமர்சனத்துக்காகவும் புதுக்கவிதைக்காகவும். தனக்குக் கைவந்த வடிவத்துக்கு வெளியேயும் அவர் இடம் கொடுத்தார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான்.

வரும் கதைகளில் பெயரை மறைத்து எண் போடச் சொல்லுங்கள். இந்த வேலையை நீங்களே செய்தால் பயனில்லை. நண்பர் ஒருவர் செய்யட்டும். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். முடித்ததும் ஏன் வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "சிறுவன் பார்வையில் போகும் கதையில், அவன் இல்லாத அறையில் நடந்தது எப்படித் தெரிந்தது?" என்பது வேலைப்பாட்டுக் குறை. "இவ்வளவு கூச்சலா!" என்பது உங்கள் ரசனை. இரண்டாவது வகைக் காரணம் மட்டும் இருந்தால் கதையை நிராகரிக்காமல் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். பிறகு, உங்கள் கருத்தைச் சொல்லாமல், வேறு வகைக் கதை விரும்பும் நண்பரிடம் கொடுங்கள். பிடித்த கதைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மனதுக்கு நெருக்கமான கதையில்தான் தளர்ந்த முடிவு நம் கண்ணுக்குத் தப்பும்.

64 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) நான்கு. அதில் ஒன்றை, வேறு வகைக் கதை விரும்பும் அந்த நண்பரின் தேர்வுக்கே விட்டுவிடுங்கள். அங்கே உங்களுக்கு மறுப்புரிமை கிடையாது. உண்மைப் பிழை, அவதூறு இரண்டை மட்டும் தடுக்கலாம்.

தேர்வைவிட ஆபத்தான இடம் திருத்தம். அங்கே ரசனை ஓசையில்லாமல் நுழையும். ராயபுரத்துப் பெண் "இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்கிறாள். அதை "எதற்காக வந்தாய்?" என்று திருத்தினால் இலக்கணம் கெடாது, ஆனால் அந்தப் பெண் கதையிலிருந்து காணாமல் போய்விடுவாள். எழுத்துப்பிழை, பெயர்க் குழப்பம், காலக் குழப்பம் இவற்றைத் திருத்துங்கள். பேச்சு வழக்கையும் வாக்கியத்தின் நீளத்தையும் எழுதியவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுக்கும் படியை, அவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

வாழ்க்கை பற்றிய உங்கள் பார்வைக்குத் தலையங்கம் இருக்கிறது. ஒரு பக்கம், உங்கள் பெயரோடு. அங்கே தயங்காமல் பேசுங்கள். அதை அடுத்தவர் கதையின் முடிவில் ஏற்றுவது தவறு. உங்கள் சொந்தக் கதைகளை வேறு இதழ்களுக்கு அனுப்புங்கள். சொந்த இதழில் அவற்றை நிராகரிக்க யாருக்கும் துணிவு வராது.

நிராகரிப்புக் கடிதத்தில் காரணத்தை மாற்றிச் சொல்லாதீர்கள். ரசனைதான் காரணமென்றால் "எங்கள் இதழின் போக்குக்கு ஒத்துவரவில்லை, வேறிடத்துக்கு அனுப்பிப் பாருங்கள்" என்று எழுதுங்கள். குறை வேலைப்பாட்டில் என்றால் எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று குறிப்பிடுங்கள். எத்தனை வாரத்தில் பதில் வரும் என்பதை இதழின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.