கிரீமை இரண்டு நாள் விட்டால் எரிகிறதா? அந்த டப்பாவோடு வாருங்கள்

கொரிய அழகுப் பராமரிப்பைப் பற்றி நீளமாகக் கேட்டிருக்கிறீர்கள்: முகத்தில் நத்தைச் சளி பூசலாமா, அதனால் புற்றுநோய் வரும் என்று ரீல்ஸ் சொல்வது உண்மையா, தினமும் பத்துப் படிகளில் முகத்தைப் பராமரிக்க வேண்டுமா என்று. ஆனால் என்னைப் பயமுறுத்துவது நடுவில் போகிறபோக்கில் எழுதிய வரிதான்: ஆன்லைனில் வாங்கிய ‘கொரியன் நைட் கிரீம்’ போட்ட ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது, நான்கு மாதம் கழித்து இப்போது இரண்டு நாள் விட்டால் சிவந்து எரிகிறது, மறுபடி போட்டால் அடங்குகிறது.

பயப்பட வேண்டிய விஷயம் அது ஒன்றுதான். விட்டால் எரிச்சல், போட்டால் நிம்மதி என்றால் அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் மருந்து, கலந்திருக்கும். அது தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி முகத்தை வெளுப்பாகக் காட்டும். நாளாக ஆகத் தோல் மெலியும். ஜன்னல் வெளிச்சத்தில் கன்னத்தைப் பாருங்கள்: நூல் நூலாகச் சிவப்புக் கோடுகள், புதிதாகப் பூனைமுடி, பொடிப்பொடியாகப் பரு தெரிகிறதா? தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். சட்டென்று நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். எரிச்சலுக்கு மெடிக்கலில் ட்யூப் கேட்டு வாங்கும் வேலை மட்டும் வேண்டாம். அங்கே தருவதும் பல நேரம் பெட்டாமெத்தசோன்தான், அதாவது இன்னொரு ஸ்டீராய்டு!

நீங்கள் அனுப்பிய படத்தில் மூடியில் கொரிய எழுத்து இருக்கிறது. தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல் எதையும் காணோம். கொரியாவில் அழகுப் பொருளில் ஸ்டீராய்டு சேர்க்கவே கூடாது. நிறத்தை வெளுக்கச் செய்யும் என்று விற்பவற்றுக்கு அங்கே தனிச் சட்டப் பிரிவு உண்டு. நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) என்றால் 2 முதல் 5 சதவீதம் என்று அளவும் உண்டு. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், பலன் தெரியவே வாரக்கணக்கில் ஆகும். ஒரே வாரத்தில் வெளுத்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கொரிய அழகுப் பொருள்களில் சொல்லும் ‘கண்ணாடித் தோல்’ என்பதும் வெளுப்பு அல்ல. கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் போன்றவை தோலில் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் வரும் மினுமினுப்பு. நத்தைச் சளி செய்வதும் ஏறக்குறைய அதுதான். அதைப் பூசினால் புற்றுநோய் வரும் என்பது சும்மா புரளி. கொரியாவிலிருந்து ‘சிகா’ என்று பெயர் வைத்து வருவது நம் வல்லாரை. கொரியாவின் அடையாளமாகிவிட்ட பிபி கிரீமுக்கு (தோலின் குறைகளை மறைத்துக் காட்டும் நிறமுள்ள கிரீம்) வேர் ஜெர்மனியில். 1960களில் கிறிஸ்டினே ஷ்ராமெக் என்ற தோல் மருத்துவர் சிகிச்சைக்குப் பிந்தைய தோலுக்காக உருவாக்கியது. ஆக, இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பத்துப் படியும் வேண்டாம். இப்போதைக்கு மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்கிரீன், அவ்வளவே.

அப்புறம், ஆறு வாரத்தில் அண்ணன் கல்யாணம் என்கிறீர்கள். சிவப்பு முழுதாக அடங்க மாதங்கள்கூட ஆகலாம். பியூட்டி பார்லரில் இப்போதே சொல்லி வையுங்கள்: ப்ளீச் கிடையாது, ஃபேஷியல் கிடையாது.